செருப்பெல்லாம் பூவான கதை

செருப்பு வரைந்ததற்காக ஒரு மனுஷனை வெட்டுவார்களா? வெட்டுவார்கள் என்றுதான் என் தாய்மாமா சொன்னார். சொன்னதோடு விடாமல், எந்த இடத்தில் வைத்து வெட்டுவார்கள், எந்த ஊர்ப் பையன்கள் வருவார்கள் என்பது வரைக்கும் நேரில் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி விவரமாகச் சொன்னார். வெட்டுப்படப் போகிறவர் என் அப்பா. அவர் அப்போது கட்டிலில் உட்கார்ந்து சேவு தின்றுகொண்டிருந்தார்.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற ரோட்டில் ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்பா ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் ஆர்ட்டிஸ்ட். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவது வேலை. சரவெடிப் பெட்டியில் கன்னம் உப்பச் சிரிக்கிற குழந்தை, ராக்கெட் பாக்கெட்டில் றெக்கை விரித்துப் பறக்கிற குதிரை, இதெல்லாம் அவர் கையிலிருந்து வந்தவை. தீபாவளிக்கு எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் எங்கப்பா வரைந்தது இருக்கும் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

இது பகல் பிழைப்பு. இது போக, விருதுநகரிலிருந்து வருகிற ஒரு சின்ன மாலைப் பேப்பருக்கு வாரம் ஒரு அரசியல் கார்ட்டூன் வரைவார். அதில் உங்களுக்கு என்னதான் கிடைக்கிறது என்று அம்மா கேட்டால், "பேரு" என்பார். படத்தின் மூலையில் பெயர் இருக்காது. குண்டூசியைக் கோணலாகக் குத்தி வைத்த மாதிரி ஒரு கையெழுத்து இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிடித்தது பழைய பேப்பரால். பட்டாசுக்குக் குழாய் உருட்ட வெளிநாட்டுப் பழைய பேப்பர்கள் கட்டுக் கட்டாக எங்கள் ஊரில் வந்து இறங்கும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா அப்படியொரு பேப்பர் குடோனில் வேலை பார்த்திருக்கிறார். அந்தக் கட்டுகளைப் பிரிக்கும்போது அமெரிக்கப் பேப்பர்களில் வந்த கார்ட்டூன்களை எல்லாம் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தார். அநேகமும் ஒரே ஆள் வரைந்தவை. அவர் பெயரை அப்பாவால் கடைசி வரைக்கும் படிக்க முடியவில்லை. அதனால் 'அமெரிக்கா அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் படங்களில் யானையும் கழுதையும் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு சண்டை போடும். அவை அங்கத்திய கட்சிகளுக்கு அடையாளம் என்பது தெரியாமல், அமெரிக்காவில் இத்தனை யானையா என்று அப்பா பல வருஷம் ஆச்சரியப்பட்டிருக்கிறார். ஜனாதிபதி என்று ஒருவர் வருவார். அவருக்குக் காது இரண்டும் முறம் மாதிரி இருக்கும்.

"பெரிய மனுசங்க மூக்கையெல்லாம் இப்படி இழுத்து வச்சு வரையாதீக, எனக்கு ஈரக்கொலை நடுங்குது" என்று அம்மா சொன்னால், அப்பா அந்தக் கத்தையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"இந்தா பாரு. அந்த ஊரு ஜனாதிபதியையே இந்தப் பாடு படுத்திருக்கான். அடுத்த வாரமும் அவன் படம் வந்திருக்கு பாரு. அப்போ உசுரோடதான இருக்கான்?"

"அந்த ஊரு ஜனாதிபதி நம்ம தெருமுக்குல வந்து நிக்க மாட்டாரு. இங்கன நிப்பாக" என்பாள் அம்மா.

தெருமுக்கில் வந்து நிற்கக்கூடியவர் என்று அம்மா மனதில் வைத்துச் சொன்னது எங்கள் பக்கத்துத் தலைவர் ஒருவரை. பெயர் சொல்ல மாட்டேன். கட்சியும் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் என்ன பயம் என்று கேட்டால், பயம்தான், வேறென்ன? கல்யாண வீடு, இழவு வீடு, கோயில் கொடை என்று எல்லா இடத்திலும் அவர் இருப்பார். அவர் இல்லாத இடத்திலும் அவரைப் பற்றிச் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

அந்த வருஷம் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் 'வெடிச்சிருச்சு' என்ற ஒரு வார்த்தை போதும், தெருவே எழுந்து யார் வீட்டு ஆள் எங்கே வேலைக்குப் போனது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடும். மறுநாள் பேப்பர் எடிட்டரின் வண்டியில் ஏறி அப்பா அங்கே போனார். திரும்பி வந்தவர் உள்ளே வராமல் வாசல் குழாயிலேயே குளித்தார். அம்மா சோறு போட்டு வைத்தாள். அவர் தட்டைத் தொடவில்லை.

"வெடிமருந்து ரூமுக்குள்ள செருப்புப் போட்டுப் போகக் கூடாதுல்ல. வாசல்ல கழட்டிப் போட்டது போட்டபடி கெடக்கு. ரூமு இல்ல. செருப்பு மட்டும் கெடக்கு" என்றார் அம்மாவிடம்.

அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவள்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே தலைவரும் வந்திருக்கிறார். மைக் கட்டியிருக்கிறார்கள். ஜனங்களையும் செத்தவர்களின் சொந்தக்காரர்களையும் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்திவிட்டார்களாம். அதனால் தலைவர் ஆறுதல் சொல்லிப் பேசியபோது அவருக்கு முன்னால் இருந்தது அந்தச் செருப்புகள்தான். அப்பா இதைத்தான் வரைந்தார். கார்ட்டூனில் வழக்கம்போல் தலைவருக்குத் தலை பானை அளவு, உடம்பு சுண்டைக்காய் அளவு. மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் தெறிக்கப் பேசுகிறார். அவருக்கு முன்னால் தரையில், கூட்டத்தில் ஜனம் வளைந்து உட்கார்ந்திருக்குமே அந்த மாதிரி, அரைவட்டமாகச் செருப்புகள். கீழே தரை. தரைக்குக் கீழே இரண்டே வார்த்தை: 'அமைதியான கூட்டம்.'

இந்தப் படத்தைப் பேப்பரில் போட்டார்கள். போட்டவர்கள் சும்மா போடவில்லை. கடைசி நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டதாம். இடம் பற்றவில்லை. படத்தின் கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட்டார்கள். தரை போயிற்று. எழுத்து போயிற்று. தரை போனதும் தரையில் கிடந்த செருப்புகள் அந்தரத்தில் தொங்கின. சின்ன உடம்பு, பெரிய தலை, அதற்குக் கீழே தோளுக்குத் தோள் வளைந்து தொங்குகிற செருப்பு வரிசை. பார்க்கிற கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? எங்கள் ஊரில் கைக்குழந்தை கூடச் சொல்லும். செருப்பு மாலை.

மாமா வந்தது அப்போதுதான். அம்மாவுக்குத் தம்பி. லோடு வேன் ஓட்டுகிறவர், தலைவருடைய கட்சிக்காரர். வேனின் முன்கண்ணாடியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தலைவர் படமும் ஒட்டியிருப்பார். இரண்டில் எதற்கு முதல் கும்பிடு என்று அம்மா கேலி செய்வாள். அன்றைக்கு வேனைச் சந்துக்கு வெளியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மச்சான், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக! தலைவரு களுத்துல செருப்பு மாலையப் போட்டுட்டீகளே!"

"மாலையா? நான் எங்க மாப்ள மாலை போட்டேன்?"

மாமா போனை நீட்டினார். அந்தப் படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா வாயில் சேவோடு போனை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"என் தரையக் காணுமே!" என்றார்.

அதற்குப் பிறகுதான் மாமா வெட்டு விவரமெல்லாம் சொன்னது. அப்பா எடிட்டருக்குப் போன் போட்டார். இடம் பற்றவில்லை, அதனால் கொஞ்சம் ட்ரிம் பண்ணினோம் என்று எடிட்டர் சொன்னார். நாளைக்கே முழுப் படத்தையும் போடுங்கள் என்றார் அப்பா. பார்க்கலாம் என்று சொல்லி வைத்தவர், அன்று சாயங்காலத்திலிருந்து போனை அணைத்துவிட்டார். பேப்பர் ஆபீசும் பூட்டிக் கிடப்பதாக மாமா வந்து சொன்னார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது? பகலில் கதவைச் சாத்தியே அறியாத வீடு அது. இப்போது தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முட்டுக்கொடுத்து அரிசி டிரம்மை நகர்த்தி வைத்தாள் அம்மா. பால்காரர் வந்தால் ஜன்னல் வழியாகச் சொம்பு நீளும். தெருமுக்கு டீக்கடையில் இரண்டு பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் சந்துக்குள் மெதுவாக வரும், எங்கள் வாசலில் இன்னும் மெதுவாகும், பிறகு போய்விடும். தினமும் எங்கள் வீட்டுக்கு டிவியில் நாடகம் பார்க்க வருகிற பக்கத்து வீட்டு அக்கா வரவில்லை. நாலு நாள் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிரஸ் முதலாளி சொல்லியனுப்பினார். சீசன் நேரத்தில் எந்த முதலாளியாவது ஆர்ட்டிஸ்டுக்கு ரெஸ்ட் கொடுப்பாரா?

எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மத்தியானமானால் கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த வாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டாள். பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு நான் அலறினேன்.

போன் வேறு. அம்மாதான் எடுப்பாள். ஒரு தடவை எடுத்துக் காதில் வைத்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கேட்டான்?" என்றார் அப்பா.

"ஆர்ட்டிஸ்ட் சொகமா இருக்காரான்னு கேட்டான். ரெண்டு கையும் சொகமா இருக்கான்னு கேட்டான். ரொம்ப மருவாதியாக் கேட்டான்ங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி அப்பாவின் வலது கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டுதான் படுத்தேன். கையை வெட்ட வந்தால் என்னையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும், சின்னப் பிள்ளையை வெட்ட யோசிப்பார்கள் என்று ஒரு கணக்கு. கை மரத்துப்போகிறது, விடு பாப்பா என்று அப்பா சிரிப்பார். நான் விட மாட்டேன். அவ்வளவு பயம் என் ஆயுசில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், பயப்பட வேண்டியவர் பயப்படவே இல்லை. விசில் அடித்துக்கொண்டு முகம் மழித்தார். அம்மா கெஞ்சக் கெஞ்ச, அந்த டீக்கடைக்கே போய் அந்த இரண்டு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுவிட்டு, எங்களுக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். "நல்ல பயலுகதான். எங்கன வேலைன்னு கேட்டேன், பதில் சொல்லத் தெரியல" என்றார். அம்மா அந்த வடையைத் தொடவில்லை. நான் அழுதுகொண்டே தின்றேன்.

"ஒருவாட்டி கையெடுத்துக் கும்பிட்டா ஒங்க கை தேஞ்சா போயிரும்? தெரியாம வரைஞ்சிட்டேன்னு சொல்லிருங்களேன்" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

"தெரிஞ்சுதான வரைஞ்சேன். நான் மாலை போடல. போடாத மாலைக்கு எதுக்குக் கும்பிடணும்? படத்த முளுசா காட்டுனா அவருக்கே வெளங்கிரும்."

நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரிஜினல் படம் பலகையில் ஒட்டி, மேலே பேப்பர் சுற்றி, பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதில் தரை இருக்கிறது. எழுத்து இருக்கிறது. தலைவர் அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அடடா, தரையில்தானே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார், எல்லாம் சரியாகிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் கிடந்த நான், பீரோவைப் பார்த்துப் பார்த்து அதற்காகவே சாமி கும்பிட்டேன்.

கும்பிட்டது வீண் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவகாசியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிற தலைவர், போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து நேரிலேயே பேசுவார் என்று மாமா சேதி கொண்டுவந்தார். மாமாதான் யார் யார் காலிலோ விழுந்து அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். அம்மாவுக்கு ஒரு பக்கம் நடுக்கம், ஒரு பக்கம் வீட்டில் நல்ல நாற்காலி இல்லையே என்ற கவலை. நாடகம் பார்க்க வராத பக்கத்து வீட்டு அக்காவிடமே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரவல் வாங்கி வந்தாள். கலர் சோடா பாட்டில் வாங்கி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தண்ணீர்ப் பானைக்குள் போட்டாள். என்னத்துக்கென்று தெரியாமல் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் பாவாடை சட்டை மாட்டிவிட்டாள். சாகப் போகிற வீட்டில் இப்படி ஒரு ஜோடனை.

தலைவர் வந்தார். முதலில் எனக்கு அவரைத் தெரியவே இல்லை. அப்பா வரைந்ததிலேயே அவரைப் பார்த்துப் பழகியிருந்ததால் பானைத் தலையோடு ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். குரலும் மெதுவான குரல். கூட வந்தவர்கள்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

"எல்லாரும் சொகமா இருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். "தம்பி, ஒங்க லேபிளெல்லாம் பாத்துருக்கேன். அந்தப் பறக்குற குதிரை அம்சமா இருக்கும்."

அப்பா கும்பிடவில்லை. ஆனால் சந்தோஷமாகச் சிரித்தார். போய்ப் பலகையை எடுத்து வந்து, சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்து, தலைவர் மடியில் வைத்தார்.

"பாருங்க அண்ணாச்சி. இதான் நான் வரைஞ்சது. பேப்பர்ல கீழ்ப்பக்கத்த வெட்டிட்டாக. இது மாலையே இல்ல. தரையில கெடக்கு பாருங்க. அன்னைக்கு நீங்க பேசுனப்ப முன்னால கெடந்துச்சுல்ல, அந்தச் செருப்புக. செத்துப்போனவுக செருப்பு. அவுகதான் கூட்டம்."

தலைவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். ஒவ்வொரு செருப்பாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது, ஏனென்றால் அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாத்தீகளா அண்ணாச்சி! தரையிலதான் கெடக்கு. மாலையே இல்ல!"

"ஆமா. மாலை இல்ல" என்றார் தலைவர்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கலர் பாட்டிலை எடுக்கப் போனாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாலையா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி. நான் பாக்காத செருப்பா? எதிர்க்கட்சிக்காரன் தூண்டிவிட்டு வரையச் சொன்னான்னு ஒரு வார்த்தை சொன்னா, நாலு நாள்ல சனம் மறந்துரும். இத மறக்காதுல்ல?"

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மாமா எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்து, வா என்று கைகாட்டினார். போனேன்.

"பாப்பா நல்லாப் படிப்பியா? இதப் படி பாப்பம்."

பலகையில் எழுதியிருந்ததை விரலால் காட்டினார். பள்ளிக்கூடப் பிரேயரில் திருக்குறள் சொல்கிறவள் நான். கையைக் கட்டிக்கொண்டு, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தேன்.

"அமைதியான கூட்டம்!"

"அடேயப்பா, கணீர்னு படிக்குதே. எங்கன படிக்குது?"

பதில் சொல்ல மாமா முந்திக்கொண்டார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். வகுப்பைச் சொன்னார். "பச்ச ஆட்டோல போயிட்டு வரும் அண்ணாச்சி. காலைல தெருமுக்குல வந்து ஏத்திக்கிருவான். நம்ம பயதான் ஓட்டுறான்" என்று அதையும் சொன்னார். தலைவருக்கு நம் வீட்டுப் பிள்ளை மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்படியா. பச்ச ஆட்டோவா. நல்லாப் படிக்கட்டும்" என்று தலைவர் என் கன்னத்தைத் தட்டினார். அவர் கையில் சந்தன வாசனை அடித்தது. எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அப்போதுதான் அப்பா சொன்னார்.

"செருப்பையெல்லாம் பூவா மாத்திர்றேன் அண்ணாச்சி."

அதைச் சொன்ன குரல் அப்பாவுடையதே இல்லை. எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே தம்பி" என்றார் தலைவர். "ஒங்க கலை. ஒங்க இஷ்டம்."

"இல்ல அண்ணாச்சி. பூவாவே போட்டுர்றேன். இன்னைக்கே போட்டுர்றேன்."

தலைவர் கலரை முழுசாகக் குடித்தார். அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். கார்கள் போய்ச் சந்தில் புழுதி அடங்கினதும் மாமா துள்ளிக் குதித்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் விழுந்தாள். எனக்குத்தான் அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. வெட்டுவார்கள் என்றபோதெல்லாம் வடை தின்றுவிட்டு, அந்த மனுஷர் நல்ல வார்த்தை சொல்லி என் படிப்பை மெச்சுகிறபோது போய் ஏன் இப்படி நடுங்க வேண்டும்?

அன்று மத்தியானமே அப்பா பலகையை மேஜை மேல் வைத்து வெள்ளைப் பெயின்டைக் குழைத்தார். ஒவ்வொரு செருப்பின் மேலும் வெள்ளையை அடித்து, காய்ந்ததும் அதன்மேல் பூவை வரைய வேண்டும். அம்மா டீ கொண்டுவந்தவள் குனிந்து பார்த்தாள். அதுவரை அவள் அந்தப் படத்தைப் போனில் மாலையாகப் பார்த்ததுதான். ஒரு செருப்பு வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. ஒன்று குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஒன்று ஜோடி மாறி, வலதுக்குப் பட்டை வாரும் இடதுக்கு ஒல்லி வாருமாகக் கிடந்தது. அம்மா டீயை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்து வரைஞ்சீகளா?" என்றாள்.

"ம்."

"எல்லாமேவா?"

அப்பா பிரஷ்ஷை வெள்ளையில் முக்கினார். அம்மா உள்ளே போய்விட்டாள். அடுப்பங்கரையில் குழாய் வெகுநேரம் திறந்தபடி கிடந்தது.

நான் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரே குஷி. பயம் போய்விட்டது, அப்பாவின் கை அப்பாவிடமே இருக்கிறது, போதாததற்கு வெறும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இப்போது கலர் வேறு வரப்போகிறது. செவ்வந்தி போடுங்கள் என்றேன், போட்டார். கனகாம்பரம் என்றேன், அதையும் போட்டார். எது கேட்டாலும் போட்டார். அழுகிற தலைவரின் கண்ணீரை அழித்துச் சிரிப்பு வைத்தார். எழுதியிருந்த இரண்டு வார்த்தைக்கு மேலும் வெள்ளை ஏறியது. எடிட்டரின் போன் உயிர் பெற்றது. அடுத்த வாரம் அது தலைவரின் பிறந்தநாள் வாழ்த்தாக முழுப் பக்கத்தில் வந்தது. இந்த முறை தரையை யாரும் வெட்டவில்லை.

வெள்ளைக் கார் நின்றது. டீக்கடையில் ஆள் இல்லை. தலைவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய ஸ்வீட் பெட்டி வந்தது. நாற்காலி இரவல் கொடுத்த அக்கா நாடகம் பார்க்க வந்து, அதில் பாதியைத் தின்றாள். அம்மா அரிசி டிரம்மைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். நான் அப்பாவின் கையை விட்டுவிட்டு என் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தேன். பிரஸ் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அப்பா கார்ட்டூன் வரைவதையும் நிறுத்தவில்லை. ஒரு வித்தியாசம்தான். படத்தைப் பேப்பருக்கு அனுப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

"பாப்பா, இதப் பாத்தா யாருக்காச்சும் கோவம் வருமா?"

நான் ரொம்பப் பெரிய மனுஷியாகப் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். மூக்கு பெரிசாக இருக்குப்பா என்றால் மூக்கைச் சின்னதாக்குவார். இந்தத் தாத்தா பாவமாக இருக்கிறாரே என்றால் சிரிக்க வைப்பார். அம்மா சொல்லிக் கேட்காதவர், எடிட்டர் சொல்லிக் கேட்காதவர், நான் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கப்பா படம் நான் சரி என்று சொன்னால்தான் பேப்பருக்கே போகும் என்று.

பச்சை ஆட்டோவும் நின்றுவிட்டது. அப்பாவே சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவார். விட்டுவிட்டு உடனே போக மாட்டார். நான் வகுப்புக்குள் போய் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் வருகிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் மணி அடித்துக் கேட்டைப் பூட்டின பிறகுதான் போவார். மற்ற பிள்ளைகளின் அப்பா யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். படம் பார்த்துச் சொல்கிற ஆளுக்கு அவர் காட்டுகிற மரியாதை அது என்று நினைத்துக்கொண்டு, நான் ஜன்னலிலிருந்து கையாட்டுவேன்.